சகலை காருக்கு நான் தேர்ந்த எண்ணெய்

என் சகலைக்குத் தலை நிறைய முடி. எனக்கு அது முப்பது வயதிலேயே விடைபெற்றுக்கொண்டது. அவருக்குத் திருவள்ளூரில் சொந்தமாக ரைஸ் மில். நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் எண்ணெய்ப் பீப்பாய்களுக்குக் காவல். இதற்கெல்லாம் நான் பொறாமைப்பட்டதில்லை. நாலு புத்தகம் படித்தவன் என்பதால் அந்த மாதிரி அற்ப விஷயங்களுக்கு மேலே இருந்தேன். நான் பொறாமைப்பட்டது அவருடைய காரின் பின் அச்சில், பூசணிக்காய் அளவு இரும்புக் குடத்துக்குள் இருந்த சில தட்டுகளைப் பார்த்து. பார்த்து என்றுகூடச் சொல்ல முடியாது. அவற்றை இன்றுவரை நான் கண்ணால் கண்டதில்லை.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவர். அவர் அந்தக் குடும்பத்துக்குள் வருவதற்கு முன்பு, அறுபதுகளின் கடைசியில், என் மாமனார் வீட்டு உறவில் கார் வைத்திருந்த ஒரே ஆள் நான்தான். மூன்று பேர் ஓட்டிக் கைகழுவிய சின்ன இங்கிலீஷ் கார். மேடு ஏறும்போது உள்ளே இருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டால் வண்டிக்குக் கொஞ்சம் ஒத்தாசையாக இருக்கும். ஆனாலும் கார் கார்தானே. கடம்பத்தூர் பக்கத்துக் கிராமத்தில் அது போய் நின்றதும் மாமனார் வெளியே வருவார். தோள் துண்டை எடுத்து முன் சீட்டை மூன்று தட்டுத் தட்டுவார். உட்கார்ந்து, துண்டை மடியில் போட்டுக்கொண்டு, "போலாம் மாப்ளே" என்பார். நிலபுலன் உள்ளவர், தெருவில் நடந்தால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். அப்படிப்பட்டவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சில மைல்களுக்கு நான் ஸ்டோர்ஸ் கீப்பர் இல்லை, மூத்த மாப்பிள்ளை.

எழுபதுகளின் தொடக்கத்தில் சகலை மெட்ராஸில் ஏதோ வெளிநாட்டு ஆபீஸ் ஏலம் விட்ட அமெரிக்கக் காரை எடுத்து வந்தார். அதன் மூக்கு மாமனார் வீட்டு வாசலில் நின்றால் வால் பக்கத்து வீட்டு வாசலில் நிற்கும். ஊரில் எல்லோரும் அதைக் கப்பல் என்றார்கள். ஒரு தீபாவளியன்று எத்தனை பேர் அப்படிச் சொன்னார்கள் என்று நான் எண்ணிக்கொண்டிருந்ததை மனைவி கண்டுபிடித்துவிட்டாள். உதடு அசைந்ததாம்.

அதைவிடக் கொடுமை, அந்தக் காருக்கு ஸ்டீயரிங் இடது பக்கம். அதனால் மாமனார் ஏறி உட்கார்ந்தது வலது பக்கத்தில், நம் ஊரில் டிரைவர் உட்காரும் இடத்தில். எதிரே வருகிறவர்கள், பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு கார் ஓட்டுகிறார் என்று வாயைப் பிளந்தார்கள். அவரும் அவர்களைத் திருத்தவில்லை. வளைவு வந்தால் முகத்தை லேசாகக் கடுமையாக்கிக்கொள்வார்.

இது எதையும் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது ஆற்றங்கரையில் நடந்தது. மாமனாரின் குலதெய்வம் ஆரணியாற்றுக்கு அக்கரையில் இருந்தது. ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போய்ப் பொங்கல் வைப்போம். அந்த மாதத்தில் ஆற்றில் தண்ணீர் இருக்காது, வெறும் மணல்தான். கார் கரையோடு நின்றுவிடும். மாமனார் உட்பட எல்லோரும் பானையும் விறகும் சுமந்து சுடுமணலில் நடப்போம். அந்த வருஷம் நான் வழக்கம்போல் கரையில் நிறுத்தினேன். கப்பல் நிற்கவில்லை. மெல்ல இறங்கி, மணலில் ஒரு தடவை உறுமி, அக்கரையில் ஏறி நின்றது. முன் சீட்டில் மாமனார். நான் தலையில் விறகுக் கட்டோடு பின்னால் போனேன்.

"எப்டி சகலை தாண்டுச்சி?" என்று கேட்டேன், ஏதோ தத்துவம் கேட்பவன் போல.

"தெரில அண்ணே. பின்னால ரெண்டு வீலும் ஒண்ணா சுத்துதாம். இது சாமானியம் இல்லன்னு ஏலத்துல ஒருத்தரு சொன்னாரு."

எனக்குத் தெரிந்துவிட்டது. சாதாரணக் காரில், ஒரு பின் சக்கரம் மணலில் சறுக்கினால், இன்ஜினின் பலமெல்லாம் அந்தச் சறுக்குகிற சக்கரத்துக்கே போகும். தரையைப் பிடித்திருக்கும் சக்கரம் சும்மா நிற்கும். உழைக்கக்கூடியவனை உட்காரவைத்துவிட்டு உதவாதவனுக்கு எல்லாவற்றையும் கொடுக்கும் ஏற்பாடு. இப்படி நடக்காமலிருக்க, சில வெளிநாட்டுக் கார்களில் அந்த இரும்புக் குடத்துக்குள் அழுத்தமாகத் தட்டுகள் அடுக்கி, இரண்டு சக்கரங்களையும் ஒன்றோடொன்று பிணைத்திருப்பார்கள். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் என்று பெயர். புத்தகத்தில் படித்திருந்தேன். படித்தது என்னிடம் இருந்தது, பொருள் அவரிடம் இருந்தது. அன்று வீடு திரும்பியதும் என் காருக்கு அடியில் படுத்து அதன் டிஃபரன்ஷியலைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. இரண்டு பேருக்கும் பேச ஒன்றுமில்லை.

அடுத்த வருஷம் கடவுள் கண்ணைத் திறந்தார். திருவள்ளூரில் ஒரு ஷெட்டில் சகலை தன் காருக்கு எல்லா எண்ணெயும் மாற்றினார். பின் அச்சுக்கு லாரிக்கு ஊற்றும் தொண்ணூறாம் நம்பர் எண்ணெயை ஊற்றிவிட்டார்கள். பத்து நாளில் கார் வளைவுகளில் முனகத் தொடங்கியது. பிறகு உறுமல். பிறகு, தெருத் திருப்பத்தில் யாரோ அடியில் உட்கார்ந்து உலக்கையால் இடிப்பது போல் 'கடக், கடக்' என்று உதறல். நேரே போனால் சத்தம் இல்லை, திரும்பினால்தான். நம் பக்கத்தில் திரும்பாமல் போகக்கூடிய சாலை எது இருக்கிறது? எனக்கு அந்தச் சத்தம் நாதஸ்வரமாக இருந்தது.

மாமனார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "ஆடிக்குள்ள இந்தச் சத்தம் நிக்கலன்னா நான் பெரிய மாப்ள வண்டியிலயே வரேன். குலதெய்வத்துக்குப் போறப்ப இடுப்பு ஒடிஞ்சிக்கினு போவ முடியாது."

அந்த வாரமே சகலை கும்மிடிப்பூண்டிக்கு வந்துவிட்டார், கையில் ஒரு துண்டுச் சீட்டோடு. பின் அச்சின் போல்ட்டில் ஒரு தகரச் சீட்டுத் தொங்கியதாம். அதில் இருந்ததை எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதியிருந்தார். லிமிடெட் ஸ்லிப்புக்கான எண்ணெயைத் தவிர வேறு எதையும் ஊற்றாதே என்பது அதன் சாரம்.

"ஷெட்டுக்காரன் உள்ள பல்லு பூடுச்சின்றான். பிரிச்சிப் போடணும்னு சொல்றான். எனக்கு நம்பிக்க இல்ல. எண்ணெய்ன்னா நம்ம வம்சத்துலயே நீங்கதான் அண்ணே. நீங்க சொல்றதை ஊத்தறேன்."

மனிதர் கண்ணில் அப்படி ஒரு நம்பிக்கை. பொறாமைப்படுகிறவனுக்கு எதிராளி இப்படி நல்லவனாக அமைவது பெரிய இடைஞ்சல்.

எங்கள் ஸ்டோர்ஸுக்கு மாதம் ஒரு முறை ஓர் எண்ணெய்க் கம்பெனிப் பிரதிநிதி வருவார். டை கட்டிய, வியர்க்கிற மனிதர். அவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் விளக்கினார்: அந்தத் தட்டுகள் நேரே போகும்போது ஒன்றையொன்று கவ்விப் பிடிக்க வேண்டும், வளைவில் சத்தமில்லாமல் நழுவ வேண்டும். வெறும் கியர் எண்ணெய் அவற்றைப் பிடித்துப் பிடித்து விடுவதால்தான் அந்த உதறல். அதற்கென்றே ஒரு சரக்கு இருக்கிறது, சின்ன டப்பாவில் வரும், கியர் எண்ணெயோடு கலந்து ஊற்ற வேண்டும். இந்த ஊரில் கேட்பார் இல்லாததால் யாரும் விற்பதில்லை.

சகலைகளும் அப்படித்தான், ரொம்பவும் ஒட்டக்கூடாது, ரொம்பவும் வழுக்கக்கூடாது என்று எனக்குள் ஒரு சிரிப்பு வந்தது. அடுத்த மாதம் பிரதிநிதி வந்தபோது அந்தச் சிரிப்பு நின்றது.

"உங்க அதிர்ஷ்டம் சார். எங்க ஆபீஸ் அலமாரில சாம்பிள் ஒண்ணு இருந்துது" என்று சொல்லி, உள்ளங்கையில் அடங்கும் ஒரு டப்பாவை மேஜைமேல் வைத்தார். அதன் மேல் ஒரு காரின் பின் அச்சுப் படம். கூடவே மெல்லிய கையேடு.

கையேட்டை இரண்டு தடவை படித்தேன். அந்தச் சரக்கில் திமிங்கில எண்ணெய் சேர்ந்திருக்கிறது என்று போட்டிருந்தது. டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோய், புத்தக அலமாரியில், தர்க்க சாஸ்திர நூல்களுக்குப் பின்னால் வைத்தேன். அந்த வரிசையை வீட்டில் யாரும் தொடமாட்டார்கள், என்னையும் சேர்த்து.

"இன்னாங்க டப்பா அது?" என்றாள் மனைவி.

"ஆபீஸ் சாமான்."

"ஆபீஸ் சாமான் புஸ்தகத்துக்குப் பின்னால இன்னாத்துக்கு ஒளியுது?"

நான் செய்தித்தாளை விரித்தேன். திருமண வாழ்க்கையில் அதற்கு அதுதான் உபயோகம்.

நான் கொடுக்கமாட்டேன் என்று முடிவு செய்ததாக யாரும் நினைக்க வேண்டாம். கொடுக்கத்தான் போகிறேன், ஆடி போகட்டும் என்று இருந்தேன். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை என் காரின் முன் சீட்டில் மாமனார் வந்து உட்காரட்டும். மூன்று தட்டுத் தட்டட்டும். அப்புறம் டப்பாவென்ன, என் காரையே கொடுத்துவிடலாம்.

சகலை மறுபடி வந்தார். அந்தச் சரக்கு இங்கே கடையில் கிடைக்காது என்றேன். அது உண்மை. அதில் திமிங்கில எண்ணெய் கலக்கிறார்கள் என்றேன். அதுவும் உண்மை. அன்று நான் சொன்ன எல்லாமே உண்மை.

அவர் விடவில்லை. "அண்ணே, திமிங்கிலமும் மீனு. சுறாவும் மீனு. பழவேற்காட்டுல சுறா எண்ணெய் கெடைக்குமே?"

திமிங்கிலம் மீன் இல்லை என்பது எனக்குத் தெரியும். மாமனார் சுத்த சைவம், எதிர்க் காற்றில் கருவாட்டுக் கூடை வந்தால் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெரு மாறுகிறவர் என்பதும் தெரியும். இந்த இரண்டு அறிவும் ஒரே நேரத்தில் எனக்குள் வந்து நின்றன. எண்ணெய் நிபுணன் முகத்தை வைத்துக்கொண்டு, "செய்யலாம்" என்றேன்.

எங்கள் தொழிற்சாலையில் பழவேற்காட்டிலிருந்து வரும் ஃபிட்டர் ஒருவர் இருந்தார். அவரிடம் சொன்னேன்.

"இன்னாத்துக்கு சார் சுறா எண்ணெய்? எங்க நைனா படகுக்குப் பூசுவாரு. நீ இன்னா, படகு வாங்கிக்கினியா?"

"கப்பலுக்கு."

"கப்பலுக்கா? தோ பாரு சார், இது சூடானா ஊரே எந்திரிச்சி ஓடிப்புடும். அப்பால என்னைச் சொல்லாதே."

பாட்டிலைக் காகிதத்தில் சுற்றி, சாக்கில் சுற்றி, அதையும் கயிற்றால் கட்டித்தான் கொண்டுவந்தார். அப்படியும் ஸ்டோர்ஸில் அன்று யாரும் மதியச் சாப்பாட்டுக்கு என் பக்கத்தில் உட்காரவில்லை.

சகலையின் மில்லில் அவித்த நெல் காயப்போடும் பெரிய சிமென்ட் களம் உண்டு. அங்கே வைத்து எண்ணெயை ஊற்றினோம். ஊற்றிய பிறகு தட்டுகளுக்கு நடுவே எண்ணெய் இறங்குவதற்காக, காரை மெதுவாக எட்டுப் போட்டு ஓட்ட வேண்டும் என்று கையேடு சொல்லியிருந்தது. என்னிடம் கையேடு இருப்பது அவருக்குத் தெரியாது. என் சொந்த ஞானம் போல் அதைச் சொன்னேன். நெல்லை ஓரமாகக் குவித்துவிட்டு, கப்பல் களத்தில் எட்டுப் போட்டது. காலால் நெல் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள்.

"இன்னாடி இது, மொதலாளி நெல்லை கார்ல கிளறாரா?"

"வேண்டுதலா இருக்கும்டி. கோயில் சுத்தறதுக்கு பதிலு."

முதல் எட்டில் கடக் கடக் என்றது. மூன்றாவதில் முனகல். ஆறாவது எட்டில் சத்தம் அடியோடு நின்றுவிட்டது. திமிங்கிலத்துக்கும் சுறாவுக்கும் உள்ள வித்தியாசம் அந்தத் தட்டுகளுக்குத் தெரியவில்லை. சகலை இறங்கி ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நீங்க தெய்வம் அண்ணே!" நான் சிரித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வலித்த சிரிப்பு வேறில்லை.

பத்தாவது எட்டில்தான் அச்சு சூடானது. மேலே உள்ள மூச்சுத் துளை வழியாக அந்த வாசனை வந்தது. மில்லில் அவித்த நெல்லின் வாசனை எப்போதும் கனமாக இருக்கும். அதையும் கிழித்துக்கொண்டு வந்தது. சுவர்மேல் முதலில் ஒரு பூனை தோன்றியது. பிறகு இரண்டு. எனக்கு மனசு லேசானது.

ஆடி ஞாயிறு. மாமனார் வாசலில் இரண்டு கார்கள். பட்டுக் கரை வேட்டியோடு அவர் வெளியே வந்து நேரே கப்பலை நோக்கித்தான் போனார். திருவள்ளூரிலிருந்து சூடாக வந்து நின்ற வண்டி. பாதி வழியில் நின்று, துண்டால் மூக்கைப் பொத்தினார்.

"இன்னாய்யா இது, இப்டி கவுச்சி அடிக்குது?"

"வண்டி எண்ணெய் மாமா" என்றார் சகலை.

"வண்டி இன்னா, மீனு துன்னுதா?"

இங்கேதான் அந்த நல்ல மனிதர் என்னைக் கொன்றார். பாராட்டு என்று ஒன்று வந்தால் அது எனக்குச் சேர வேண்டும் என்பது அவர் எண்ணம். "சுறா எண்ணெய் மாமா. அண்ணன்தான் பாத்துச் சொன்னாரு. அதை ஊத்துனதுக்கு அப்பாலதான் சத்தமே நின்னுது."

மாமனார் என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவராச்சே மாப்ளே" என்றார். அவ்வளவுதான்.

பிறகு மூக்கிலிருந்து துண்டை எடுத்து, என் காரின் முன் சீட்டை மூன்று தட்டுத் தட்டி உட்கார்ந்தார். ஒரு வருஷமாக நான் ஏங்கிய மூன்று தட்டுகள். பின் சீட்டில் மாமியாரும் என் மனைவியும். கப்பல் எங்களுக்குப் பின்னால் வந்தது, தண்டனை பெற்றதுபோல் தள்ளியே. நான் வழிநெடுகத் தேவைக்கு மேல் ஹாரன் அடித்துக்கொண்டு போனேன்.

ஆற்றங்கரை வந்தது. வழக்கம்போல் நிறுத்தியிருந்தால் என் கதை இங்கே நல்லபடியாக முடிந்திருக்கும்.

"சின்னவரு வண்டி போன வருஷம் அக்கரைக்கே போச்சி" என்றார் மாமனார், மணலைப் பார்த்துக்கொண்டு. "இது போவாதில்ல?"

"போகும் மாமா."

"வாணாங்க" என்றாள் மனைவி பின்னாலிருந்து.

இறக்கினேன். ஆற்றின் நடுவரை போனது. அதற்குமேல் இடது பின் சக்கரம் மட்டும் சுற்றியது. வலது சக்கரம் வேடிக்கை பார்த்தது. நான் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அந்த ஒற்றைச் சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டிக்கொண்டது. கார் பின்பக்கமாக உட்கார்ந்தது, இனி எழுந்திருப்பதாக உத்தேசமில்லை என்பதுபோல். புத்தகத்தில் படித்தது வரிக்கு வரி சரியாக இருந்தது.

சகலை கப்பலை எங்களுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, வேட்டியை மடித்துக் கட்டி, என் காருக்கு அடியில் கையாலேயே மணலை வாரினார். ஒரு கேலி இல்லை. "மணலு இந்த வருசம் லூசா கீது அண்ணே, உங்க மேல தப்பு இல்ல" என்றார். கேலி செய்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

விறகு கட்டிவந்த கயிற்றால் இரண்டு கார்களையும் பிணைத்தோம். கயிறு குட்டை. கப்பலின் இரண்டு சக்கரங்களும் ஒன்றாக மணலைக் கவ்வி எங்களை இழுத்தன. அச்சு மணலில் பாடுபட்டுச் சூடாகி, மூச்சுத் துளை திறந்து, சுறாவின் வாசனை முழுவதும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்ததுபோல் எங்கள் காருக்குள் நுழைந்தது. மாமனார் துண்டால் முகத்தையே மூடிக்கொண்டார். மாமியார் அம்மனை அழைத்தார். என் மனைவி அழைக்கவில்லை. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

அக்கரையில் இறங்கியதும் மாமனார் இரண்டு கார்களையும் சுற்றி வந்தார். கப்பலின் முன் கதவருகே நின்று துண்டை விலக்கி மூச்சு இழுத்துப் பார்த்தார். பின்பக்கம் போய் இழுத்துப் பார்த்தார்.

"நாத்தம் பின்னாலதான் போவுது" என்றார். "திரும்பிப் போறப்ப நான் இதுலயே முன்னால உக்காந்துக்கறேன். பின்னால வரவங்களுக்குத்தான் பேஜாரு."

பின்னால் வந்தது நான்.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் மதியம் சாப்பாட்டுப் பையைத் திறந்தேன். டிபன் காரியருக்கு அடியில், துணியில் சுற்றி, அந்த டப்பா இருந்தது. என் மனைவி எட்டாவதுவரை படித்தவள். அதன் மேலிருந்த படத்தைப் புரிந்துகொள்ள எட்டாவது போதும். காலையில் பையைக் கொடுக்கும்போது அவள் ஒன்றும் சொல்லவில்லை, சாயங்காலமும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம். ஒன்றில்கூட அவள் அதை எடுத்ததில்லை. அது எப்போது வருமோ என்றுதான் நான் இன்னும் பயந்துகொண்டிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறே டப்பாவோடு மில்லுக்குப் போனேன்.

"இப்பதான் கெடைச்சுது" என்றேன். சகலையிடம் நான் சொன்ன முதல் பொய்.

சுறாவை வடித்து, மெல்லிய எண்ணெயால் இரண்டு தடவை அலசி, புதுத் தொண்ணூறாம் நம்பரோடு டப்பாவைக் கலந்து ஊற்றினோம். பூனைகள் சுவரிலிருந்து பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகக் கிளம்பின. சகலை வலது பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தார். "உக்காருங்க அண்ணே. உங்க எண்ணெய், நீங்கதான் மொதல்ல வரணும்."

அந்த முன் சீட்டில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பெரிய சோபா மாதிரி இருந்தது. எதிரே ஸ்டீயரிங் இல்லாமல் வலது பக்கம் உட்கார்ந்துகொண்டு களத்தில் எட்டுப் போட்டேன். மூன்றாவது எட்டுக்குள் நானும் வளைவுகளில் முகத்தைக் கடுமையாக்கிக்கொள்வதைக் கவனித்தேன்.

அப்போது மாமனார் வந்தார். தன் நெல் அரைபட்டதா என்று பார்க்க வந்தவர், களத்தின் ஓரம் நின்று காற்றை மோந்தார். காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு காரை நோக்கி நடந்து வந்தார். சகலை நிறுத்தினார். நான் இறங்கிக்கொண்டேன். என் காதுக்குப் பக்கத்தில் மூன்று தட்டுகள் கேட்டன.

"போலாம் மாப்ளே" என்றார் அவர், என்னிடம் அல்ல.

நான் பின் சீட்டில் ஏறினேன். அங்கே உட்கார்ந்தால் அந்த இரும்புக் குடம் நேர் கீழே இருக்கும். கார் முதல் வளைவில் திரும்பியது. தலையைச் சாய்த்து, காதைக் கிட்டத்தட்ட சீட்டோடு ஒட்டவைத்துக் கேட்டேன். ஒரு முனகலாவது வரக்கூடாதா என்று. எட்டு முடியும்வரை எதுவும் வரவில்லை.